எர்மோன் 2

7

லாரி வந்து நின்றதும் அறை இருண்டது.

தேவகிருபைக்குப் பழகிய இருட்டுதான். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் பெரிய ரோட்டில் வரிசை கட்டும் நாட்களில், பொறுமை இழந்த டிரைவர் யாராவது எர்ணாவூருக்குள், அவர்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பிவிடுவார். எதிர்ச் சாரியில் கால்வாய் வேலைக்குத் தோண்டிய பள்ளம் இருந்தது. அதனால் வண்டி இந்தப் பக்கத்துச் சுவரை உரசிக்கொண்டுதான் நிற்கும். முன்னால் போக வழியிருக்காது. பின்னால் எடுக்கவும் முடியாது. டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

வாசலின் கிரில் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அவள் தள்ளிப் பார்த்தாள். நான்கு விரல் அளவு திறந்து நீல இரும்பில் இடித்து நின்றது.

மற்ற நாட்களில் என்றால் துணி மடித்துக்கொண்டு காத்திருப்பாள். இன்று அவளோடு உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் காட்டிக்கொடுத்தவளா இல்லையா என்று பார்க்க வந்தவர்கள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் சொக்கம்மாள். வியாசர்பாடிக்காரர், வயது அறுபத்தொன்று. டெலிபோன் இலாகாவில் முப்பது வருடம் பூமிக்கடியில் கேபிள் கோளாறு தேடியவர். ஓய்வு பெற்ற பிறகு பூமிக்கு மேல் தேடுகிறார். வடசென்னையில் போலீசுக்குப் போக விரும்பாதவர்கள் அவரிடம் போவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தவன் ஃபவாஸ். ராயபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், நாற்பதை நெருங்குகிறவன். சொக்கம்மாளுக்கு எடுபிடி என்று மற்றவர்கள் சொல்வார்கள். பார்ட்னர் என்று அவன் சொல்வான்.

"உள்ள வெச்சி பூட்டிட்டானுங்க யக்கா," என்றான் ஃபவாஸ், ஜன்னலைப் பார்த்து. "இனிமே நம்ம மூணு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டு."

சொக்கம்மாள் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார். பத்து பத்து.

இரண்டு மணிக்குத் தொழிலாளர் சங்கம் கூடுகிறது. அதற்குள் அவர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

விஷயம் சின்னது, முள் மாதிரி. பக்கத்தில் ஆசிட் டிரம்களைக் கழுவும் கிடங்கு ஒன்று இருந்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கையுறை கிடையாது. சங்கச் செயலாளர் செங்கொடி ரகசியமாகப் பெயர் சேர்த்து அதிகாரிக்கு மனு எழுதினார். டைப் அடித்துக் கொடுத்தது தேவகிருபை. அவள் கிடங்கில் வேலை செய்பவள் அல்ல. அவளுடைய சிநேகிதி ரமாபாய் வேலை செய்தாள். ரமாபாயின் கைகளைப் பார்த்தபின் தானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது.

முதல் பட்டியலில் ஐந்து பெயர். மனு போய்ச் சேரும் முன்பே, அன்று சாயங்காலமே, அந்த ஐந்து பேரும் கேட்டில் நிறுத்தப்பட்டார்கள். பாஸ் பிடுங்கப்பட்டது. மூன்று வாரம் கழித்து, இரண்டாவது பட்டியலில் ஒன்பது பெயர். அதுவும் அப்படியே ஆனது. சங்கத்துக்குத் தெரிந்து இரண்டையும் முழுசாகப் பார்த்தவர்கள் இரண்டே பேர். எழுதிய செங்கொடி, அடித்த தேவகிருபை.

ரமாபாய் முதல் ஐந்தில் ஒருத்தி. இரண்டு மாதமாகப் பேசுவதில்லை. தண்ணீர் லாரி வரிசையில் இவள் நின்றால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறாள். இரண்டு மணிக்கு சங்கத்தில் தேவகிருபையின் பெயர் வாசிக்கப்பட்டால் வரிசை முழுவதும் அப்படித்தான் நகரும். வழக்கு கிடையாது, தண்டனை கிடையாது. முகம் திரும்பிக்கொள்ளும், அவ்வளவுதான். வேறு எங்கும் போக வழியில்லாத ஊரில் அது போதும்.

சொக்கம்மாள் வந்ததும் செய்த முதல் காரியம் அவளுடைய போனை வாங்கி அணைத்தது. ஃபவாஸின் போனையும் வாங்கினார். இரண்டையும் எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மூன்றாவது பட்டியல் ஒன்றை அடிக்கச் சொன்னார். ஏற்கனவே வேலை போன பதினான்கு பேரின் பெயர்கள்தான்.

"இன்னும் ஒண்ணு கீது," என்றான் ஃபவாஸ். ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டி வெளியே எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தான். "பதினஞ்சு. ராமசெல்வி."

அவள் அடித்தாள். வழக்கமாகச் செய்வதைப் போலவே செய் என்றார் சொக்கம்மாள்.

வழக்கம் என்பது இது. இன்டர்நெட் இணைப்பு எதிரே ஜோபினின் கடையில் இருந்தது. ஜோபின் அவள் புருஷன். லாரிக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறான். வைஃபை பெட்டி கடையில், பிரிண்டர் கடையில், கடைக் கம்ப்யூட்டரும் அங்கேதான். தெருவைத் தாண்டி வரும் சிக்னலில்தான் வீட்டில் இவள் வேலை செய்கிறாள். இங்கே அடிப்பதை அங்கே 'கடை' என்ற பொது ஃபோல்டரில் போடுவாள். இங்கே அழுத்தினால் அங்கே அச்சாகும்.

இன்று 'கடை' திறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"லாரி நின்னா இப்படித்தாங்க்கா. ஃபோல்டரே தெரியாது. எல்லாம் மெதுவாயிரும்."

பிரிண்ட் அழுத்தினாள். அச்சு முடிந்தது என்றது திரை. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸியை ஓட்டி நிறுத்தினார்கள். சிறிது நேரத்தில் சொக்கம்மாளின் போன் அடித்தது. ஜோபின்தான். மூவரும் உள்ளே மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து பேசினான். கடை பிரிண்டரில் பேப்பர் எதுவும் வரவில்லை என்றான். லாரி போனபிறகு திரும்ப அனுப்பச் சொன்னான்.

ஃபவாஸ் வேகத்தை அளந்து பார்த்தான். பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"இந்த ஸ்பீடுக்கு பைலை ஒரு ஆயா கையில குட்த்து அனுப்பலாம். நடுவுல டீ குட்ச்சிட்டுப் போனாலும் இதுக்கு முன்னாடி போயிரும்."

"திரையில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார் சொக்கம்மாள்.

ஃபவாஸ் படித்தான். வைஃபையின் பெயர் எர்மோன். இப்போது 'எர்மோன் 2' என்று இருந்தது. தேவகிருபை சொன்னாள், ரெண்டு வந்துவிட்டால் மெதுவாகிவிடும், ரெண்டு போய்விட்டால் சரியாகிவிடும் என்று. ஃபவாஸ் தலையாட்டினான். எந்தப் பெட்டியாக இருந்தாலும் வேகமான சிக்னல் ஒன்று, மெதுவான சிக்னல் ஒன்று என்று இரண்டு வரும், இது மெதுவானது, இதற்கு அர்த்தம் தேடுவது வீண் என்றான்.

சொக்கம்மாள் சின்ன நோட்டில் 2 என்று எழுதிக்கொண்டார். எப்போதெல்லாம் வருகிறது என்று மட்டும் கேட்டார். எங்கே கோளாறு என்று அவர் கேட்பதே இல்லை. எப்போது என்றுதான் கேட்பார். தேவகிருபை அதற்கு முன்பே பதில் சொல்லியிருந்தாள். லாரி நிற்கும்போது.

காத்திருந்தார்கள். காற்றாடி சூடான காற்றைக் கிண்டியது. ஜன்னலுக்கு நான்கு விரல் தள்ளி நின்ற கண்டெய்னர் வெயிலைக் குடித்துக் குடித்துச் சுவரில் துப்பியது. சொக்கம்மாள் அசையவில்லை. எதற்குக் காத்திருக்கிறோம் என்று தேவகிருபைக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பத்து ஐம்பத்தைந்துக்கு செங்கொடி கூப்பிட்டார். சொக்கம்மாள் ஸ்பீக்கரில் போட்டார்.

"யக்கா, கேட்டுல சூப்பர்வைசர் டெரன்ஸ் நிக்கிறான். உள்ள போற பொம்பளைங்களை ஒவ்வொருத்தரா நிறுத்தி, ராமசெல்வி யாரு, ராமசெல்வி யாருன்னு கேக்குறான். அப்படி ஒருத்தி இங்க வேலைக்கே இல்லையே. யாருக்கா அது?"

சொக்கம்மாள் ஃபவாஸைப் பார்த்தார். அவன் ஜன்னல் பக்கம் விரலைக் காட்டினான்.

"லாரி. கேபின் கதவுல பெயின்ட்ல எழுதிகீது. ஓனரு பொண்ணு பேரு போல."

தேவகிருபைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பெயரில் ஒரு பெண் கிடையாது. அந்தப் பெயர் உலகத்தில் ஒரே ஒரு பட்டியலில்தான் இருந்தது. அந்தப் பட்டியலை அவள்தான் அடித்தாள், இந்த அறையில், இவர்கள் கண் முன்னால். கதவு திறக்கவில்லை. போன் தூக்குக்குள். ஆனால் முக்கால் மணி நேரத்தில் பெயர் கேட்டுக்குப் போய்விட்டது.

சொக்கம்மாள் முதலில் ஃபவாஸைப் பையைக் காலி பண்ணச் சொன்னார். மேஜையில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சீப்பு, பாதி பிஸ்கட் பாக்கெட், சளி மிட்டாய் விழுந்தன.

"பதினோரு வருஷம் யக்கா. என்னையே சோதனை போட்டுட்ட. பர்வால்ல, மிட்டாயை மட்டும் திருப்பிக் குடு."

பிறகு தேவகிருபையின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"இந்த ரூமை உட்டு ஒரு பேப்பர் வெளிய போகல, உன் புருஷன் கடையிலயும் எதுவும் வரலயாம். ஆனா பேரு போய்கீது. கம்ப்யூட்டர்ல நீ இன்னா மெசேஜ் அனுப்புனன்னு ஃபவாஸ் பார்த்துட்டான், ஒண்ணும் இல்ல. வேற வழி எதனா இருந்தா இப்பவே சொல்லிடும்மா. ரெண்டு மணிக்கு அப்பால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

சொல்ல எதுவும் இல்லை என்றாள். அவள் குரல் அவளுக்கே பொய் போலக் கேட்டது.

எழுந்து கிரில் கதவருகே போனாள். நான்கு விரல் இடைவெளியில் இரும்பு. திரும்பினாள். பின்பக்கம் துணி துவைக்கும் இடம். மூன்று பக்கமும் சுவர், அதில் ஒன்று பக்கத்து வீட்டு அலெக்ஸாண்டர் மாமாவுடையது. திரும்ப வந்தாள். வீடு மொத்தமே இருபத்தொரு அடி. ஃபவாஸ் அவள் நடப்பதைப் பார்த்தான். முதல் தடவையாக ஜோக் அடிக்கவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூச்சு முட்டும்போது ஜெபக் குறிப்பு எழுதுவாள். சபையில் வெள்ளிக்கிழமை தோறும் அதற்கென்று துண்டுச் சீட்டுகள் கொடுப்பார்கள். வேண்டியதை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு மாதமாக அவள் எழுதியது ஒரே பெயரைத்தான். வேதாகமத்துக்குள்ளிருந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். 'ரமாபாய்' என்று எழுதினாள். இன்று இன்னும் ஒரு வரி எழுத வேண்டும் போலிருந்தது. இடம் போதாமல் சீட்டைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் ஏற்கனவே அச்சு இருந்தது. கத்தரி வெட்டிய ஓரத்தில் பாதிச் சொல்.

'மாபாய், வயது 14.'

அவள் சீட்டை உள்ளங்கைக்குள் மூடினாள்.

ரமாபாய்க்கு வயது நாற்பத்தொன்று. முதல் பட்டியலை அடித்த அன்று அவசரத்தில் எண்ணை மாற்றி அடித்துவிட்டாள். பிரிண்ட் கொடுத்தபின்தான் கண்ணில் பட்டது. கடையில் பேப்பர் வரவில்லை என்று ஜோபின் சொன்னபோது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். திருத்தினாள். லாரி போன பிறகு திரும்ப அனுப்பினாள். சங்கத்துக்குப் போனது திருத்தியதுதான். பதினாலு என்ற தவறு காகிதத்தில் இருக்கவே முடியாது.

இருந்தது. அவள் கையில், அவள் வேதாகமத்திலிருந்து எடுத்த சீட்டில். வெளியே காட்டினால் பட்டியல் துண்டு இவள் வீட்டிலேயே கிடைத்தது என்பார்கள். காட்டாவிட்டால் எதுவும் இல்லை. விரல்களை இறுக்கினாள்.

"கையில இன்னா?" என்றார் சொக்கம்மாள்.

காற்றாடி நான்கைந்து சுற்றுச் சுற்றியது. தேவகிருபை கையைத் திறந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வயதைச் சொன்னாள், தவறைச் சொன்னாள், திருத்தியதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பதாகத் தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை. சொக்கம்மாள் சீட்டை வாங்கி வெளிச்சம் வரும் பக்கம் பிடித்தார்.

"அப்போ இது வராத பேப்பர்."

"ஆமாக்கா."

"வராத பேப்பர் எங்கேயோ வந்துகீது," என்றான் ஃபவாஸ். எழுந்து நின்றுவிட்டான். "சீட்டு யாரு குட்த்தது?"

அலெக்ஸாண்டர் மாமா என்றாள். பக்கத்து வீடு. சபைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை தாள்களை வீட்டிலேயே அச்சடிப்பார். எதையும் வீணாக்க மாட்டார். ஒரு பக்கம் அச்சான பேப்பரை நாலாக வெட்டி ஜெபச் சீட்டாக்கிவிடுவார்.

ஃபவாஸ் தூக்கைத் திறந்து தன் போனை எடுத்தான். எர்மோனின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டான். தேவகிருபை சுவரைக் காட்டினாள். அங்கே வாக்குத்தத்த அட்டை தொங்கியது. புது வருட இரவு ஆராதனையில் சபை முழுவதற்கும் அந்த வருடத்துக்கென்று ஒரு வசனம் கொடுப்பார்கள். எல்லார் வீட்டிலும் அதே அட்டை இருக்கும். அந்த வசனத்தின் எண்தான் பாஸ்வேர்டு.

"உங்க வூட்டுல மட்டுமா?"

இல்லை என்றாள். ஜனவரியில் சபைக்காரர்கள் பலருக்கும் ஒரே கேபிள்காரர்தான் போட்டுக் கொடுத்தார். அவரும் சபைதான். பெரியவர்களுக்கு மறந்துபோகக் கூடாது என்று எல்லார் வீட்டுப் பெட்டிக்கும் எர்மோன் என்ற சபையின் பெயரையே வைத்தார். எல்லாருக்கும் வசனத்தின் எண்ணையே பாஸ்வேர்டாகக் கொடுத்தார். பிரிண்டரும் ஒரே சலுகையில் ஒரே மாடல் வாங்கியதுதான். எல்லா வீட்டு பிரிண்டருக்கும் கம்ப்யூட்டர் தேடிப்போகும் முகவரியாக ஐம்பதாம் நம்பரையே வைத்துக் கொடுத்தார். அந்த ஞாயிறு அவருக்காக சபையில் கை தட்டினார்கள்.

ஃபவாஸ் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான். வாசல் பக்கம் போனதும் சிக்னல் சுருங்கியது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நின்றதும் கோடுகள் நிரம்பின. சுவரில் நெற்றியை மெதுவாக இரண்டு முறை முட்டிக்கொண்டான்.

"ஒரே பேர்ல ரெண்டு வூடு இருந்தா, கம்ப்யூட்டர் ரெண்டாவது வூட்டுக்கு அதுவா ஒரு 2 போட்டு வெச்சிக்கும் யக்கா. இது ஸ்லோ சிக்னல் இல்ல. இது பக்கத்து வூடு."

"காலையில ஸ்லோ சிக்னல்னியே."

"அது காலையில இருந்த ஃபவாஸ். அவன் கூட எனக்கு சவகாசமே இல்ல."

மீதியை சொக்கம்மாள் நோட்டைப் பார்த்துக்கொண்டே அடுக்கினார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நாற்பது அடி இரும்பு வந்து நிற்கிறது. கடை சிக்னல் அதைத் தாண்டி வருவதில்லை. கம்ப்யூட்டர் சும்மா இருக்குமா? பக்கத்தில் இன்னொரு எர்மோன் இருக்கிறது. சாவியும் அதேதான். கேட்காமல் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வீட்டில் 'கடை' ஃபோல்டர் கிடையாது, அதனால் தெரிவதில்லை. சுவரைக் குடைந்து வருகிற சிக்னல், அதனால் வேகம் இல்லை. ஐம்பதாம் நம்பருக்கு அனுப்பு என்றால் அந்த வீட்டு ஐம்பதுக்கு அனுப்பிவிடுகிறது. அச்சு முடிந்தது என்று திரை சொன்னது பொய்யில்லை.

"மொத லிஸ்ட் அன்னிக்கு லாரி நின்னுது. ரெண்டாவது லிஸ்ட் அன்னிக்கு?"

தேவகிருபை யோசித்தாள். அன்று காஸ் சிலிண்டரை மொட்டை மாடி வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். வாசல் அடைத்திருந்தது.

"நின்னுச்சுக்கா."

காலையில் பிரிண்ட் அழுத்தியதும் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. அது மிக்ஸி அல்ல.

பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. செங்கொடி போனில் சொன்ன பெயர். சூப்பர்வைசர் டெரன்ஸ். அந்தப் பெயரை அவள் கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருந்தாள். மாமாவின் மகளைக் கட்டியவர். துறைமுகம் பக்கம் வேலை என்றுதான் கேள்வி. எந்த கேட் என்று அவள் கேட்டதில்லை.

அதையும் சொன்னாள்.

மணி பன்னிரண்டே முக்கால். ஃபவாஸ் ஏற்கனவே ஜெயித்துவிட்டவன் போலப் பிஸ்கட்டைப் பிரித்தான். சொக்கம்மாள் இல்லை என்று தலையை அசைத்தார். கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதுவும் இவள் வேதாகமத்திலிருந்து எடுத்தது. அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள் என்று அலெக்ஸாண்டர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சபைச் செயலாளர் சொல்வதை நம்புவார்களா, எர்மோன் 2 என்று ஃபவாஸ் சொல்வதை நம்புவார்களா? டெரன்ஸை விசாரித்தால் அவன் மாமனாருக்கு ஒரு போன் போட்டால் போதும், மீதிப் பேப்பரும் அடுப்புக்குப் போய்விடும். போய்ப் பிடிக்கலாம் என்றால் கதவு நான்கு விரல்.

"வந்த வழியிலேயே போவோம்," என்றார்.

செங்கொடியைக் கூப்பிட்டார். சீட்டைப் பற்றியும் பதினாலு வயதைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார். சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பாதிப் பேருக்கு மேல் வந்தாயிற்று என்று பதில் வந்தது. எல்லாரையும் போனைச் சுற்றி உட்காரச் சொன்னார், ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது என்றார். இணைப்பைத் துண்டிக்காமல் போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தேவகிருபையிடம் பட்டியலைத் திறக்கச் சொன்னார்.

"பதினாறு போடு. டெரன்ஸ், கேட் சூப்பர்வைசர். பக்கத்துல, கிடங்கில் நடப்பதை நேரில் பார்த்த சாட்சின்னு போடு."

அவள் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. இதை அழுத்தினால் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இனி ஒரு மாமா இருக்க மாட்டார். பெயரை அடித்தாள். இந்தத் தடவை எழுத்துப் பிழை பார்த்தாள். அழுத்தினாள்.

சுவருக்கு அப்பால் அந்த மிக்ஸி ஓடி நின்றது.

நாற்காலி நகர்ந்தது. செருப்பு தேய்ந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று அவர் வீட்டு கிரில் கதவு லாரியில் இடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி இடித்தது. நாற்பது அடி வண்டி அவர் வாசலையும் சேர்த்துத்தான் அடைத்திருந்தது.

"அவருக்கும் அதே ரேஷன் கார்டு," என்று ஃபவாஸ் முணுமுணுத்தான்.

பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. தேவகிருபை போனாள். சொக்கம்மாள் அவளுக்குப் பின்னால், கதவு மறைவில் நின்றார். துணி துவைக்கும் இடத்துச் சுவருக்கு மேலே அலெக்ஸாண்டரின் தலை தெரிந்தது. எதன் மீதோ ஏறி நின்றிருந்தார். கையில் தாள், மை காயாதது.

"ஏ கிருபை, டெரன்ஸ் பேரு இதுல எப்படி வந்துச்சு? அவன் எப்ப சாட்சி சொன்னான்?"

"எதுல மாமா?"

"இந்த லிஸ்ட்ல. முந்தின ரெண்டுலயும் இல்ல, காலையில வந்ததுலயும் இல்லையே."

சொன்னபின்தான் அவர் வாய் மூடியது.

"முந்தின ரெண்டும் உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்க நினைத்தாள். மெதுவாகத்தான் வந்தது.

அவர் தாளைப் பார்த்தார். மடித்தார். பிரித்தார். தெருப் பக்கம் பார்த்தார். அங்கே நீலம்தான் தெரிந்தது. ஓடிப்போக முடியாத மனிதரின் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குக் காலையிலிருந்தே தெரியும்.

"நான் யார் வீட்லயும் போய் எடுக்கல கிருபை. தானா வந்த பேப்பர். போட்டோ எடுத்து அனுப்பினேன், அவ்வளவுதான். மனு போனா அவன் வேலை போயிரும். என் பொண்ணு ரெண்டு பிள்ளையோட வந்து நிப்பா. நீயா பாத்துப்ப?"

பதினான்கு பேர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு என்று சொல்லியிருக்கலாம்.

"என் பேரை ரெண்டு மணிக்கு வாசிக்கப் போறாங்க மாமா. உங்களுக்கு அது தெரியுமா?"

தெரியும் என்பது அவர் கண்ணிலேயே இருந்தது. தலை மெதுவாகச் சுவருக்குக் கீழே இறங்கியது. ஏறி நின்ற பொருள் சாய்ந்து உருளும் சத்தம் கேட்டது.

சொக்கம்மாள் முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்தார். மறுமுனையில் இருபது பேர் மூச்சு விடாமல் இருக்கும் அமைதி. செங்கொடிதான் பேசுவார் என்று நினைத்தார்கள். பேசியது வேறு குரல். இரண்டு மாதமாக தேவகிருபை கேட்காத குரல்.

"கிருப. உன் வூட்டு கதவு தொறந்துச்சா?"

"இல்ல," என்றாள். "லாரி நிக்குது."

அந்தப் பக்கம் துண்டித்தார்கள்.

சங்கம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஃபவாஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பெட்டியின் பெயரை மாற்றும் வேலையை ஆரம்பித்தான். கடை சிக்னல் வராமல் மாற்ற முடியாது என்று கண்டுபிடித்து, லாரியின் ஓனரையும் அவர் மகளையும் விசாரித்துக்கொண்டிருந்தான். தேவகிருபை வாசலில் நின்றாள். இப்போதும் இரும்புதான். இப்போதும் நான்கு விரல்.

கீழே ஏதோ உரசியது. வண்டிக்கு அடியில். யாரோ டயருக்கு நடுவில் புகுந்து, ஊர்ந்து, இருமிக்கொண்டு வந்தார்கள். டீக்கடைப் பக்கமிருந்து டிரைவர் கத்தினார். பதிலுக்கு வந்த வசவை ஃபவாஸ் மரியாதையோடு கேட்டான்.

கிரில் கதவின் இடைவெளிக்குள், படிக்கட்டு உயரத்தில், ஒரு கை நுழைந்தது. கிரீஸ் அப்பியிருந்தது. கிரீஸுக்கு அடியில் பின்னங்கைத் தோல் வெளுத்து, சுருங்கி, பளபளத்தது.

தேவகிருபை படியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வயசு பதினாலுன்னு அட்ச்சியாமே," என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல். "ஏன் மாத்துன? அப்டியே உட்டிருக்கலாம் இல்ல."